தெரியாதவர் 7

எதிர்வீட்டு கிரிதர் தன் வாசலில் கேமரா வைத்த காலிங்பெல் மாட்டினான். சாந்தாமணி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாருக்குதுங்க. வர்றவங்க மூஞ்சி போன்லயே தெரியுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. பெல்லுக்காக இல்லை. என் மனைவி என்னுடைய எதையாவது 'நல்லாருக்குது' என்று சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் பொறாமைக்காரன். பஸ்ஸில் எவனாவது எழுந்து சாந்தாமணிக்கு இடம் கொடுத்தால், நன்றி சொல்லுவேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை அவன் மூஞ்சியை மறக்கமாட்டேன். அடித்ததில்லை, குடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. கேள்விதான் கேட்பேன். எங்கே, எப்போது, யாரோடு. கல்யாணமான இந்த இருபது வருடத்தில் கேள்வி கேட்பது ஒரு குற்றம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

என் பெயர் சென்னியப்பன். கோயமுத்தூர் கணபதியில் பம்புசெட் செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். ஓடுகிற மோட்டாரின் உடம்பில் ஒரு சென்சாரை ஒட்டி, அதன் அதிர்வைக் கம்ப்யூட்டரில் கோடாக எடுத்து, பேரிங் தேய்ந்திருக்கிறதா, ஷாஃப்ட் கோணலா என்று பிரிக்காமலே சொல்வது என் வேலை. ஒரு மோட்டாரின் நடுக்கம் இன்னொன்றுக்கு வராது. இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச மாவட்டத்தில் ஆளில்லை என்று முதலாளியே சொல்வார்.

கேமரா மூஞ்சியைத்தானே காட்டும் என்று யோசித்தேன். மூஞ்சியை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். விரலுக்கு நடிக்கத் தெரியாது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பெல் சுவிட்சைக் கழற்றி, பட்டனுக்கு அடியில் அதிர்வை உணர்கிற ஒரு மெல்லிய வில்லையை ஒட்டினேன். அதிலிருந்து ஒயரை இழுத்து, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் சேர்த்தேன். பெல்லுக்குப் போவது இருநூற்று முப்பது வோல்ட். போர்டுக்கு மூன்று வோல்ட்டே போதும். இரண்டையும் தள்ளி வைக்காமல் முதல் வாரம் ஒரு போர்டைப் புகையவிட்டேன். "வூடு நாறுதுங்க" என்று சாந்தாமணி ஜன்னலைத் திறந்துவிட்டாள். இரண்டாவது வாரம் நடுவில் ஒரு ரிலே போட்டேன். மூன்றாவது வாரம் பெல் அடித்தபோது என் போன் சிணுங்கி, 'தெரியாதவர் 1' என்றது. கதவைத் திறந்தால் பால் போடுகிற ஆறுச்சாமி. போனில் பெயரைத் தட்டினேன். மறுநாள் காலை மறுபடியும் சிணுங்கி, 'ஆறுச்சாமி' என்றது. குதித்தேன்.

"நல்லாருக்குதா?" என்று சாந்தாமணியிடம் கேட்டேன்.

"ம்" என்றாள். "கதவத் தொறந்தா யாருன்னு தெரிஞ்சுரப் போவுதுங்க."

அத்தோடு விட்டிருக்கவேண்டும். நான் விடுகிற ஆளா? ஒருவன் அழுத்துகிற விதத்தில் அவன் யார் என்பது மட்டுமா இருக்கிறது, என்ன மனசோடு வந்து நிற்கிறான் என்பதும் இருக்குமே என்று தோன்றிவிட்டது. இரண்டு மாதம் வருகிறவர் போகிறவர் விரலையெல்லாம் பதிவு செய்து, பேச்சோடு பேச்சாக அவர்களை விசாரித்து, போர்டுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் வந்தது. நூற்றுக்கு எத்தனை.

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் பாலதண்டாயுதம், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"எதற்கு மார்க் இது, சென்னியப்பன்?"

"இந்த வூட்டுக்குள்ள வர்றதுல எவ்ளோ ஆசைங்கறதுக்குங்க ஐயா. வேண்டாவெறுப்பா வர்றவன் பட்டன இடிச்சுட்டு விரல எடுத்துக்குவான். ஆசையா வர்றவனுக்கு அழுத்தறதுக்கு முன்னாடியே விரல் அங்க வந்து நின்னுக்கும். அந்த நொடியில சின்னதா ஒரு துடிப்பு இருக்கும். நமக்குத் தெரியாது, வில்லைக்குத் தெரியும்."

"நான் அழுத்தினேனே, எவ்வளவு?"

"அறுவத்தி ரெண்டுங்க."

அவருக்குப் பரம சந்தோஷம். தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று நச்சரித்து மாட்டிக்கொண்டார். பத்து நாளில் அவரே வந்து, கழற்றிக்கொண்டு போ என்றார். ஞாயிறு தவறாமல் அவரைப் பார்க்க வருகிற மகளுக்குப் பதினெட்டு வந்திருக்கிறது. "இனிமே சிரமப்பட்டு வரவேண்டாம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நானே பார்த்தேன். கழற்றும்போது பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், கோளாறு அவர்கள் குடும்பத்தில், என் சர்க்யூட்டில் இல்லை என்று பெருமையும் பட்டுக்கொண்டேன்.

என் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? சாந்தாமணி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். விடிகாலையில் போனால் சாயங்காலம் ஆறரைக்கு வந்து பெல் அடிப்பாள். நான் ஐந்து மணிக்கே வந்து உள்ளே தாழ் போட்டிருப்பேன். அவளுக்கு வருவது இருபத்தி நாலு. ஒருநாள் இருபத்தி ரெண்டு, ஒருநாள் இருபத்தி ஆறு. நாளெல்லாம் ஊசி குத்தி அலுத்து வருகிறவளுக்கு எங்கிருந்து துடிப்பு வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எண் வருகிற விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. திருச்சியில் விடுதியில் படிக்கும் மகள் லீவுக்கு வந்தபோது எண்பத்தெட்டு அடித்தாள். அதுதான் எங்கள் வீட்டின் உச்சம்.

அந்த உச்சத்தை ஒரு செவ்வாய்க்கிழமை எவனோ தாண்டினான்.

காலை பதினொன்று இருபத்திரண்டு. நான் கம்பெனியில் ஒரு நீர்மூழ்கி மோட்டார் பக்கத்தில் நிற்கிறேன். போன் சிணுங்கியது. 'தெரியாதவர் 7 – 91.'

பூட்டிய வீடு. யாராவது வழி தவறி வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அதே நேரம், அதே தெரியாதவர் 7, தொண்ணூறு. அடுத்த செவ்வாய், தொண்ணூற்றிரண்டு. வழி தவறியவன் வாரம் இருமுறை, நேரம் தவறாமல் தவறுவானா?

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது கேட்டேன். "பகல்ல நம்ம வூட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா?"

சாந்தாமணி ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே, "யாருங்க வரப்போறாங்க?" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பார்க்காதது எனக்குப் போதும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் வேலை பார்க்கிற இடத்துக்கு, நோயாளி மாதிரி குரலை மாற்றி போன் செய்தேன். "சாந்தாமணி அக்காங்களா? செவ்வா, வெள்ளியில பத்தே முக்காலுக்கே கெளம்பிருவாங்க. ரெண்டு மணிக்கு மேலதான் திரும்ப வருவாங்க" என்றது ஒரு பெண் குரல்.

போனை வைத்தேன். என்னிடம் அவள் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. அவள் வீட்டில் இருக்கிறாள். எவனோ வருகிறான். தொண்ணூற்றொரு சதவீத ஆசையோடு வருகிறான். அவளை இழந்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தேன். சென்சாரும் நாலு வரைபடமும்தான் மிஞ்சும். இதில் எனக்கு ஒரு கேவலமான வலியும் இருந்தது. என் சொந்த எண்ணே ஐம்பத்தெட்டுதான். என் வீட்டுக்குள் வர என்னைவிட ஒருவன் துடிக்கிறான்.

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எதிர்வீட்டு கிரிதர்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், தனி ஆள், தினம் ஷேவிங் செய்கிறவன். சனிக்கிழமை அவனை அழைத்து, "தம்பி, நம்ம பெல்ல ஒருக்கா அழுத்துங்க, டெஸ்ட் பண்ணோணும்" என்றேன்.

அழுத்தினான். 'தெரியாதவர் 8 – 33.'

"வேலை செய்யுதா சார்?"

"செய்யுது, செய்யுது" என்றேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவனாக இருந்திருந்தால் முடிச்சாவது அவிழ்ந்திருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அதன்பிறகு மாடிப்படியில் ஏறுகிறவனெல்லாம் ஏழாக இருந்தான்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒளிந்து உட்கார்ந்திருப்பது வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. பதினொன்று இருபதுக்கு சாந்தாமணியின் ஸ்கூட்டர் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு மாடி ஏறினாள். 'போ, போ. பின்னாலேயே அவன் வருவான், அவன் சட்டையைப் பிடிக்கிறேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

ஒருவரும் வரவில்லை. ஆனால் இரண்டே நிமிடத்தில் போன் சிணுங்கியது. 'தெரியாதவர் 7 – 91.'

அப்படியானால் அவன் ஏற்கெனவே மேலே காத்திருக்கிறான்! இதே கட்டடத்துக்காரன்! மாடிக்கு ஓடிப்போய்க் கதவை உடைத்திருப்பேன். ஆனால் கதவு திறந்து நான் பார்க்கப்போவது என்னவாக இருந்தாலும், அதற்குப் பிறகு எனக்கு மனைவி இல்லை. அந்தப் பயத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கே திரும்பிப் போனேன்.

அங்கே ஒரு காரியம் செய்தேன். ஏழாவது ஆளின் அதிர்வுக் கோட்டையும், ஒப்பிடுவதற்காகப் பதிவில் இருந்த மற்ற ஆட்களின் கோடுகளையும் எடுத்து அச்சடித்தேன். விரலில் அடிபட்டிருக்கிறதா, நகம் நீளமா, ஏதாவது ஒரு துப்புக் கிடைக்காதா என்று மேஜையில் பரப்பி வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். என் பிரிவில் வேலை பார்க்கும் மெர்லின் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், புது மோட்டாரா?"

"ஆமா. ரெண்டு மோட்டார்" என்று ஏழாவது ஆளின் தாளையும், கைக்குக் கிடைத்த இன்னொரு தாளையும் அவள் பக்கம் தள்ளினேன். "என்ன வித்தியாசம்னு சொல்லு பாக்கலாம்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"ரெண்டு மோட்டார் இல்ல சார். ஒண்ணுதான். இங்க பாருங்க, இந்தச் சின்னப் பல்லு ரெண்டுலயும் ஒரே எடத்துல வருது. இது சும்மா ஓடறப்ப எடுத்தது, இது லோடு குடுத்து எடுத்தது. போன மாசம் புதுப்பையன் இப்படித்தான் ஒரே மோட்டாருக்கு ரெண்டு நம்பர் போட்டுட்டான்னு நீங்கதான சார் அவனத் திட்டுனீங்க?"

நான் இரண்டாவது தாளின் மூலையைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்தில் 'சாந்தாமணி, மாலை 6.30' என்று இருந்தது.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஒரு மோட்டாரைச் சும்மாவும் ஓட்டிப் பார்க்கவேண்டும், பாரம் கொடுத்தும் ஓட்டிப் பார்க்கவேண்டும், இரண்டு கோடும் வேறு வேறாகத்தான் இருக்கும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. சாந்தாமணியின் விரலை ஒரு சாயங்காலம், நான் உள்ளே இருக்கும்போது எடுத்துவிட்டு, இதுதான் அவள் என்று பெயர் போட்டுவிட்டேன்.

"சார், தலை சுத்துதா? உக்காருங்க" என்றாள் மெர்லின்.

நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போவதாகக் கிளம்பி, வண்டியை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, திரும்பி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்தேன். செருப்பைக் கையோடு உள்ளே எடுத்து வைத்துக்கொண்டேன். ஃபேன் போடவில்லை. பதினொன்று இருபத்தொன்றுக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பெல் அடித்தது. என் கையில் இருந்த போன் துடித்தது. தொண்ணூற்றொன்று. பிறகு சாவி திரும்பியது.

உள்ளே வந்த சாந்தாமணியை ஒரு நொடி பார்த்தேன். அவள் என்னைப் பார்ப்பதற்கு முந்தைய நொடி. செருப்பைக் குனிந்து கழற்றாமல் காலாலேயே மூலைக்கு எற்றிவிட்டு, கைப்பையைத் தூக்கி சோபாவில் வீசினாள். உதடு எதையோ முணுமுணுத்தது, பாட்டாக இருக்கும். என் மனைவிக்கு இன்னும் இப்படி ஒரு முகம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அப்புறம் நாற்காலியில் நான் இருப்பதைப் பார்த்தாள். அந்த முகம் போய்விட்டது. பயந்துபோனாள் என்றால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன், வந்தது வெறும் அலுப்பு. குனிந்து செருப்புகளை ஜோடியாக எடுத்து வைத்தாள்.

"ஏனுங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல." போனை நீட்டினேன். "இது நீயா?"

வாங்கிப் படித்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எண், அதன் அர்த்தம், கிரிதர், தண்ணீர்த் தொட்டி, எதையும் விடவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஆளில்லாத வூட்டுக்கு எதுக்கு பெல் அடிக்கற?" என்றேன். அப்போதும் எனக்குக் கேள்விதான் வந்தது.

"எங்கம்மா வூட்டுப் பழக்கமுங்க. பூட்டிக் கெடந்த வூட்டுக்குள்ள சத்தங்குடுக்காம நொழையக்கூடாதும்பாங்க. பல்லியோ பூரானோ, உள்ள எது இருந்தாலும் ஒதுங்கிக்கும். அங்க கதவத் தட்டுவோம். இங்க பெல்லு இருக்குது, அடிக்கறேன்."

"வந்து என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் நடுவுல மூணு மணி நேரம் விடறாங்க. ஃபேனைப் போட்டுட்டு இங்க உக்காந்திருப்பேன். போன வாரம் ஒரு மாம்பழம் அறுத்துத் தின்னேன்."

"இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா? எத்தன மணிக்கு வந்த, எத்தன மணிக்குப் போன, போன ஏன் எடுக்கல, மாம்பழம் ஆரு குடுத்தான்னு கேப்பீங்க. தப்பா ஒரு வார்த்த கேக்கமாட்டீங்க. கேட்டுட்டே இருப்பீங்க, அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் கேள்வி ஒக்காந்திருக்குதுன்னு தெரிஞ்சு எப்புடிங்க ஓடி வந்து பெல் அடிக்கறது?"

 போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தபடி அவளே கேட்டாள். "சாயங்காலம் வர்றப்ப எனக்கு எவ்வளவு போட்டிருக்குது?"

பொய் சொல்ல நினைத்தேன். "இருவத்தி நாலு."

"அவ்வளவு இருக்குதா?" என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "நான் பத்துக்கு மேல தேறாதுன்னு நெனச்சேன்."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் உட்காரவில்லை, எதிரில் நின்றபடியே பேசினாள்.

"கேமரா வெச்சுக்கோங்க, மிசின் வெச்சுக்கோங்க, எனக்கு ஒண்ணுமில்ல. இந்தச் செவ்வா, வெள்ளிய மட்டும் எடுத்துராதீங்க. இதுவும் போச்சுன்னா நான் அவனாசியில எங்கண்ணன் வூட்டுக்குப் போயிருவனுங்க. கோவத்துல சொல்லல. யோசிச்சு வெச்சிருக்கறதச் சொல்றேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பத்தைந்து. அவள் திரும்பக் கிளம்ப ஒன்றரை ஆகும். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். "எங்கீங்க போறீங்க?" என்று அவள் கேட்கவில்லை. அவள் அப்படிக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

முனையிலிருக்கிற டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். டீ வந்தது. முதல் வாய் குடிப்பதற்குள் போன் துடித்தது.

'தெரியாதவர் 7 – 93.'

உள்ளே இருந்தவள் வெளியே வந்து, கதவைப் பூட்டி, பெல்லை அடித்து, மறுபடியும் புதிதாக வீட்டுக்குள் போயிருக்கிறாள். என் போனுக்கு இது வந்து சேரும் என்று தெரிந்தேதான் அழுத்தியிருக்கிறாள்.

வயிறு எரிந்தது. கிரிதரை நினைத்து எரிந்ததைவிட அதிகமாகவே எரிந்தது. எவனாவது ஒருவனாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். இங்கே அவளுக்கு அத்தனை ஆசை, நான் இல்லாத என் வீட்டின்மேல்.

"கெளம்பறீங்களாண்ணா?" என்று கிளாஸை எடுக்க வந்தார் கடைக்காரர்.

"இல்லீங்க. ஒண்ணரை வரைக்கும் இங்கதான் இருக்கோணும்" என்றேன். "இன்னொரு டீ போடுங்க."